மேசையில் போடாத கையெழுத்து

என் வீட்டுக் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். நான் சொந்த விருப்பத்தில் வேலையை ராஜினாமா செய்துவிட்டேனாம். அதனால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம். அதைப் படிக்கும்போது நான் தோட்டத்திலிருந்து நேராக வந்து நின்றிருந்தேன். இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் ஷீட்டைக்கூட அவிழ்க்கவில்லை. நாள் முழுக்க மழையில் கொழுந்து பறித்துவிட்டு வந்தவளிடம், நாளையிலிருந்து உனக்கு இங்கே ஒன்றும் இல்லை என்கிறது ஒரு காகிதம்.

எங்கள் தேயிலை எஸ்டேட் குன்னூருக்கு மேலே ஒரு சரிவில் இருக்கிறது. பேர் சொல்ல மாட்டேன். சொன்னால் என் மேல் ஒரு கேஸ் போடுவார்கள். எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. கோர்ட்டுக்காகக் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறி ஏறி இடுப்பு விட்டுப்போய்விட்டது, அவ்வளவுதான்.

எஸ்டேட்டில் பர்மனென்ட் வேலை இருந்தால் லைன் வீடு உண்டு. வேலை போனால் வீடும் போகும். இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. எங்கள் வரிசை சரிவின் உச்சியில் இருக்கிறது. பனி விலகினால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை, துணி காயுமா என்றுதான் பார்ப்போம். ஆனால் டூரிஸ்ட்டுகள் அதற்குக் காசு கொடுப்பார்கள் என்று யாரோ மேனேஜருக்குச் சொல்லியிருக்கிறார்கள். வரிசையைத் தங்கும் ரூம்களாக மாற்ற எல்லோரையும் காலி செய்யச் சொன்னார். வரிசையில் இருந்த மற்ற குடும்பங்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய்விட்டன. அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஒழுகும் கூரைக்குக் கீழே எத்தனை மழைக்காலம்தான் பாத்திரம் வைப்பது. நான் மட்டும் முடியாது என்றேன். கூரையைச் சரி செய்துகொடுங்கள், வேலை செய்கிறேன், இங்கேயே இருக்கிறேன் என்றேன். அதற்குப் பதில்தான் இந்த நோட்டீஸ்.

நோட்டீஸைக் கிழித்துக் கையில் எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். மேனேஜர் இல்லை என்றார்கள். அவருடைய ஜீப் வாசலில் நின்றது. கணக்கு எழுதும் ரைட்டர் இருந்தான்.

“ஏனுங்க ரைட்டர், யாருங்க வேலைய உட்டது?”

“நீங்கதானக்கா. லெட்டர் குடுத்திருக்கீங்களே.”

“எங்க, காட்டுங்க.”

“ஒரிஜினல் உள்ள இருக்குது. ஜெராக்ஸ் பாருங்க. தொடாதீங்க, கை ஈரம்.”

இங்கிலீஷில் டைப் அடித்த லெட்டர். அடியில் தமிழில் என் கையெழுத்து. பக்கத்தில் சாட்சி என்று ரைட்டரும், தேயிலைக் காட்டில் எங்களை வேலை வாங்கும் மேஸ்திரியும் போட்ட கையெழுத்துகள். என்னுடையதைப் பார்த்ததும் எனக்குக் கோபத்தில் காது அடைத்துவிட்டது. நான் பத்தாவது வரை படித்தவள். கையெழுத்தை ஒரே இழுப்பில் போடுவேன். அந்த ஜெராக்ஸில் இருந்ததோ, வாதம் வந்த கிழவி போட்ட மாதிரி விட்டு விட்டு, திக்கித் திக்கி இருந்தது.

“இது கள்ளக் கையெழுத்துடா!” என்று கத்தினேன். ரைட்டரை அதுவரை ‘டா’ போட்டதில்லை. அன்றைக்குப் போட்டேன்.

லேபர் ஆபீசிலும் அதையே சொன்னேன். கேஸ் லேபர் கோர்ட்டுக்குப் போனபோது மனுவிலும் அதையே எழுதச் சொன்னேன். நான் ராஜினாமா செய்யவில்லை, ஆகவே அது என் கையெழுத்து இல்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

கேஸ் முடியும்வரை வீட்டில் கை வைக்கக் கூடாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. கரண்டை மட்டும் ‘ரிப்பேர்’ என்று சொல்லிப் பிடுங்கிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் குன்னூர் மார்க்கெட்டில் காய்கறி வண்டி ஓட்டுகிறார். அவருக்குச் சண்டை ஆகாது.

“ஊட்டி தாண்டி எமரால்டு பக்கம் போயிரலாம். எங்க சித்தப்பா ஊட்டுல ஒரு ரூம்பு சும்மாத்தான கிடக்குது. கேரட் புடுங்கப் போனாக்கூட தினம் கூலி உண்டு.”

“கேரட் புடுங்க எனக்குத் தெரியாதுங்களா? முதல்ல என்னைய எதுக்குங்க புடுங்கி எறியறாங்க? அத கேளுங்க.”

“கேட்டா?”

“கேட்டாத்தான தெரியும்.”

என் வக்கீல் சின்னப் பெண். குன்னூரில் ஒரு பேக்கரிக்கு மேலே ஆபீஸ். இனிக்க இனிக்கப் பேச மாட்டாள். அதனாலேயே எனக்குப் பிடித்தது. “கள்ளக் கையெழுத்துன்னு நீங்க சொன்னா போதாதுக்கா. பாத்து சொல்ற ஆள் ஒருத்தர் சொல்லணும்” என்றாள். கோயமுத்தூரில் கையெழுத்துகளை ஆராய்கிறவர் ஒருவர் இருந்தார். சர்க்கார் வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவர். எஸ்டேட்காரர்கள் ஒரிஜினல் லெட்டரைக் கோர்ட்டில் கொடுத்திருந்தார்கள். அதைப் படம் எடுத்து ஆராய அவருக்கு அனுமதி வாங்கினாள்.

முதலில் என்னை அவர் ரூமுக்கு வரச் சொன்னார். மேசை முன்னால் உட்கார வைத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். மறுபடியும் என்றார். வேறு பேனாவில் என்றார். நின்றுகொண்டு என்றார். வேகமாக, மெதுவாக, கோடு போட்ட தாளில், போடாத தாளில். பேங்கில் நான் முன்பு போட்டிருந்த கையெழுத்துகளையும் வாங்கி வைத்திருந்தார்.

“ஏனுங்க சார், என் சொத்த எல்லாம் எழுதி வாங்கறீங்களா?” என்றேன்.

“என்ன சொத்து இருக்குது அம்மிணி?”

“அஞ்சாறு கோழி.”

“அப்ப இன்னும் நாலு போடுங்க” என்றார்.

அப்புறம் ஒருநாள் கோர்ட்டில். ஒரு ரூமில் கிளார்க் உட்கார்ந்து காவல் காத்தார். எஸ்டேட் வக்கீலும் நின்றார். கையெழுத்து ஆய்வாளர் ஒரு ஸ்டாண்டில் கேமராவைக் கவிழ்த்து மாட்டி, அதன் கீழே லெட்டரை வைத்தார். முதலில் சாதாரண வெளிச்சத்தில் படம். அப்புறம் தாளுக்குக் கீழேயிருந்து வெளிச்சம் விட்டுப் படம். அப்புறம் ரூம் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு சின்ன விளக்கைத் தாளோடு தாளாகப் பக்கத்தில் படுக்க வைத்து, வெளிச்சம் மேலே தடவிக்கொண்டு போகிற மாதிரி ஒரு படம். விளக்கை ஒவ்வொரு பக்கமாக மாற்றி மாற்றி அப்படியே எடுத்தார். கடைசியில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். என் பொறுமை போகும்வரை எடுக்கவில்லை.

அடுத்த முறை அவர் ரூமுக்குப் போனபோது வக்கீலும் கூட வந்தாள். அவர் சுற்றி வளைக்கவில்லை.

“அம்மிணி, இது உங்க கையெழுத்துதான்.”

“என்னது?”

“எழுத்தோட சாய்வு, எங்க ஆரம்பிக்கறீங்க, எந்தப் பக்கம் சுழிக்கறீங்க, எங்க அழுத்தறீங்க, எங்க பேனாவ எடுக்கறீங்க, எல்லாம் உங்களுது. வேற ஒருத்தர் பாத்து வரைஞ்சா இப்படி வராது.”

“சார், உங்களுக்குக் காசு குடுக்கறது நானா, அந்த மேனேஜரா?”

“நீங்கதான். அதுக்காக உங்க கையி மாறிருமா?”

நான் எழுந்துவிட்டேன். வக்கீல் என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அவள் முகமும் செத்துப்போயிருந்தது. கள்ளக் கையெழுத்து என்று மனுவிலேயே எழுதியாகிவிட்டது. இப்போது எங்கள் ஆளே அது கள்ளக் கையெழுத்து இல்லை என்கிறார். “அக்கா, இந்த ரிப்போர்ட்ட போடாம உட்டுரலாம். ஏதாவது காம்ப்ரமைஸ் பேசலாம்” என்று மெதுவாகச் சொன்னாள்.

“என்னத்த பேசறது? நான் எழுதிக் குடுக்கல. கைய வெட்டினாலும் அதத்தான் சொல்லுவேன். சார், என் கையெழுத்துன்னா இது ஏன் இப்படிப் பிய்ஞ்சு கிடக்குது? நான் என்ன குடிச்சுப்போட்டா எழுதுனேன்?”

அவர் கோபப்படவில்லை. கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தார். “அதையேதான் நானும் பாத்துக்கிட்டு இருக்கேன். வாங்க.”

என் பேரின் முதல் எழுத்து திரை முழுக்கப் பெரிதாக வந்தது. பேனாக் கோடு அவ்வளவு பெரிதானால் ரோடு மாதிரி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மை கொஞ்ச தூரம் கருப்பாக ஓடுகிறது, அப்புறம் வெளிறிப் போகிறது, மறுபடி கருப்பு. பக்கத்திலிருந்து வெளிச்சம் விட்டு எடுத்த படத்தில் அது இன்னும் நன்றாகத் தெரிந்தது. வெளிறிய இடத்தில் எல்லாம் தாள் குழிந்து, நிழல் விழுந்து கிடந்தது. கருத்த இடத்தில் மேடு.

“கை நடுங்கினா கோடு இஷ்டத்துக்குக் கோணும். பஸ்ஸுல எழுதினா இஷ்டத்துக்குக் குதிக்கும். இது அப்படி இல்ல. பாருங்க, இந்த எழுத்துல இவ்வளவு இடைவெளி. அடுத்த எழுத்துலயும் அதே. குறுக்க போற கோட்டுலயும் அதே, நெடுக்க போற கோட்டுலயும் அதே. உங்க கைக்கு ஒண்ணும் இல்ல. தாளுக்குக் கீழ என்னமோ இருந்திருக்குது. கட்டம் கட்டமா. கட்டத்தோட சட்டத்து மேல பேனா போறப்ப மை அழுந்தி விழுகுது. ஓட்டைக்கு மேல போறப்ப தாள் உள்ள அமுங்குது, மை சரியாப் பிடிக்கல. எதுக்கு மேல வெச்சு எழுதுனீங்க?”

“நான் எங்கீங்க எழுதினேன்...” என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டேன்.

கம்பளி.

மழைக்காலம் தொடங்கும்போது எஸ்டேட்டில் எங்களுக்குக் கம்பளி கொடுப்பார்கள். வாங்கியதற்குக் கையெழுத்துப் போட வேண்டும். ஆபீசுக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். கொழுந்து நிறுக்கும் ஷெட்டுக்கு மேஸ்திரி காகிதத்தைக் கொண்டுவருவான். அங்கே மேசையும் கிடையாது, நாற்காலியும் கிடையாது. கொழுந்து ஏற்றும் பிளாஸ்டிக் கிரேட் ஒன்றைக் கவிழ்த்துப் போடுவான். அதன் அடிப்பாகம் கட்டம் கட்டமாக ஓட்டை விழுந்திருக்கும். அதன் மேல் காகிதம். எங்கள் முதுகுக்குப் பின்னால் தராசு, தலைக்கு மேலே ஒழுகும் தகரம். காகிதம் நனையாமல் இருக்க மேலே பாலிதீன் ஷீட்டைப் போட்டு, கையெழுத்துப் போடும் இடம் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி பிடித்துக்கொள்வான். “சட்டுன்னு போடுங்க, சட்டுன்னு போடுங்க, டிராக்டர் நிக்குது” என்பான். எல்லோரும் போடுவோம். வருஷா வருஷம் அப்படித்தான். இந்த முறை என் முறை வந்தபோது, “கம்பளி கார்டு மாறிப்போச்சு, இதுலயும் ஒண்ணு போட்டுரு” என்று இரண்டு இடத்தில் வாங்கினான். போட்டேன். கம்பளியை அக்குளில் இடுக்கிக்கொண்டே போட்டேன்.

“சார், கிரேட்டுங்க” என்றேன். அந்த மேஸ்திரியின் கழுத்து அப்போது என் கைக்கு எட்டவில்லையே என்றிருந்தது.

படித்தவள் பார்த்துப் போட்டிருக்க வேண்டாமா என்று அப்புறம் எத்தனையோ பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். கேட்ட ஒருவராவது மழையில், தராசுக்கு முன்னால், ஷீட்டுக்கு அடியில் இருக்கும் இங்கிலீஷைப் படித்துப் பார்த்துவிட்டுக் கம்பளி வாங்கட்டும். அப்புறம் எனக்குப் புத்தி சொல்லட்டும்.

ஆய்வாளர் உடனே தலையாட்டிவிடவில்லை. “கிரேட்ட இப்பக் கொண்டுவராதீங்க. முதல்ல நான் படத்துல இருக்கற இடைவெளிய அளந்து எழுதி, கையெழுத்துப் போட்டு வக்கீலம்மாகிட்டக் குடுத்துடறேன். அதுக்கப்புறம் கொண்டுவாங்க. இல்லாட்டி கிரேட்டப் பாத்து அளவு எழுதிட்டேன்னு சொல்லுவாங்க.”

எஸ்டேட் கிரேட்டுக்கு நான் எங்கே போவேன்? ஷெட் பக்கம் என்னை விட மாட்டார்கள். ஆனால் உடைந்த எஸ்டேட் கிரேட் இல்லாத லைன் வீடு எங்கள் பக்கம் கிடையாது. ஒருத்தி விறகு அடுக்குவாள், ஒருத்தி துளசி வைப்பாள். நான் அதைக் கவிழ்த்துக் கோழியை மூடியிருந்தேன். எஸ்டேட்டின் பேர் பக்கவாட்டில் அச்சாகி இருந்தது. கோழிகளைத் துரத்திவிட்டுக் கழுவி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

“இதுக்கு லக்கேஜ் போடோணும்” என்றான் கண்டக்டர்.

“காலிக் கூடைங்க.”

“கோழி நாத்தம் அடிக்குது.”

“நாத்தத்துக்குமா டிக்கெட்டு? போடுங்க, அதையும் கோர்ட்டுல காட்டறேன்.”

அவன் அடுத்த சீட்டுக்கு டிக்கெட் கிழிக்கப் போய்விட்டான். மலை இறக்கத்தில் பர்லியாரில் பஸ் நின்றபோது பழம் விற்கிறவள் கிரேட்டைப் பார்த்துவிட்டு, “விக்கறதுக்காக்கா?” என்று கேட்டாள். இல்லை, சாட்சி சொல்லப் போகிறது என்றேன்.

அவர் ரூமில் அந்தக் கிரேட்டைக் கவிழ்த்து, அதன் மேல் தாள் வைத்துப் போடச் சொன்னார். போடும்போதே தெரிந்துவிட்டது. பேனா கடக் கடக்கென்று இறங்கி ஏறியது. அதையும் அதே மாதிரி பக்கத்தில் விளக்கை வைத்துப் படம் எடுத்து, பழைய படத்துக்குப் பக்கத்தில் போட்டார். அதே இடைவெளியில் அதே குழி. அளவும் அவர் முன்னால் எழுதிக்கொடுத்ததோடு ஒத்துப்போனது.

“அப்ப எழுதுங்க சார். எஸ்டேட் கிரேட்டு மேல வெச்சு ஏமாத்தி வாங்கினான்னு.”

“எழுத மாட்டேன்.”

“ஏன்?”

“ஏமாத்துனத நான் பாக்கல. இதே கிரேட்டுன்னும் சொல்ல முடியாது. இந்த மாதிரி கட்டம் உள்ள, ஓட்டை உள்ள ஒண்ணு மேல வெச்சு எழுதினது. வழவழப்பான மேசை மேல எழுதினது இல்ல. அவ்வளவுதான் படம் சொல்லுது. நானும் அவ்வளவுதான் சொல்லுவேன்.”

“கூட ரெண்டு வார்த்த சொன்னா வாய் சுளுக்கிருமா?”

“சொன்னா உங்களுக்கே ஆபத்து” என்றார். எனக்கு அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது.

ஆனால் அந்த மனுஷர் இன்னொன்றும் செய்திருந்தார். சாட்சிக் கையெழுத்துகள் இரண்டையும் அதே வெளிச்சத்தில் படம் எடுத்திருந்தார். மேஸ்திரியின் கோடும் ரைட்டரின் கோடும் வெண்ணெயில் கத்தி போன மாதிரி ஓடியிருந்தன. குழியும் இல்லை, மேடும் இல்லை. வக்கீல் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு முதல் முறையாகச் சிரித்தாள்.

கோர்ட்டில் எஸ்டேட் வக்கீல் என்னைத்தான் முதலில் பிடித்தார்.

“முதல்ல கள்ளக் கையெழுத்துன்னு சொன்னீங்க. இப்ப உங்க கையெழுத்துதான்னு சொல்றீங்க. எதும்மா பொய்?”

“ரெண்டும் இல்லீங்க. அப்ப எனக்குக் காட்டினது ஜெராக்ஸ். என் கையெழுத்து அப்படிப் பிய்ஞ்சு இருக்காதுன்னு நெனச்சேன், சொன்னேன். ஏன் பிய்ஞ்சுதுன்னு இப்பத்தான் தெரியுது. லெட்டர நான் எழுதல. அத அன்னிக்கும் சொன்னேன், இன்னிக்கும் சொல்றேன்.”

“படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போடுவீங்களா?”

“கம்பளி குடுக்கறப்ப நீங்க படிப்பீங்களா?”

ஜட்ஜ், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னார். சரி என்றேன்.

அடுத்து மேஸ்திரி கூண்டில் ஏறினான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. நான் தானாக ஆபீசுக்கு வந்ததாகவும், மேனேஜர் மேசை முன்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டதாகவும், அதே மேசையில் உடனே ரைட்டரும் தானும் சாட்சி போட்டதாகவும் சொன்னான். என் வக்கீல் அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். அதே மேசைதானே? ஆமாங்க. அதே இடம்தானே? ஆமாங்க. நாற்காலி கூட மாற்றவில்லையே? இல்லீங்க.

அப்புறம் படங்களை எடுத்துக் கொடுத்தாள். அவன் அவற்றைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான்.

“இவங்க எழுதினப்ப மட்டும் மேசையில பள்ளம் எப்படிங்க வந்துது?”

மேஸ்திரி படத்தை நேராகத் திருப்பினான். “மேச மேல துணி விரிச்சிருந்துதுங்க. கட்டம் போட்ட துணி.”

“நீங்க போடறப்ப?”

“அப்ப... எடுத்துட்டாங்க.”

“யாரு எடுத்தது? துவைக்கப் போட்டாங்களா?”

பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஜட்ஜ் சிரிக்கவில்லை, ஆனால் எழுதிக்கொண்டார்.

ஆய்வாளரையும் எஸ்டேட் வக்கீல் விடவில்லை. மலையில் குளிர் அதிகம், குளிரில் கை நடுங்காதா என்று கேட்டார். “நடுங்குமுங்க. ஆனா குளிர் அளந்து அளந்து நடுங்க வெக்காது” என்றார் அவர். துணி விரித்திருந்தால்? துணிக்கு இவ்வளவு பெரிய ஓட்டை இருக்காது என்றார். ஏமாற்றி வாங்கியது என்று சொல்ல முடியுமா? முடியாது என்றார். எங்கள் பக்கத்து ஆளே முடியாது என்று சொன்னது எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அதற்கு மேல் அந்த வக்கீலுக்கு அவரிடம் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. முன்பு நான் கேட்ட இரண்டு வார்த்தையை அவர் சேர்த்துச் சொல்லியிருந்தால், அந்த இரண்டு வார்த்தையை வைத்தே மற்றதையும் கிழித்திருப்பார்கள்.

தீர்ப்புக்கு முன்னால் ஒருநாள் மேனேஜர் என் வீட்டுக்காரரிடம் ஆள் அனுப்பினார். கொடுப்பதைக் கூட்டிக் கொடுக்கிறோம், இருவரும் கௌரவமாகப் போய்விடுங்கள் என்றாராம். வீட்டுக்காரர் வந்து என்னிடம் சொல்லும்போது முகத்தில் ஆசை இருந்தது. நான் கோபத்தை மறைக்கவில்லை, சத்தம் போட்டேன். அவர் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து, “வேண்டாம்னு சொல்லிப்போட்டேன்” என்றார். வந்தவனிடம் அங்கேயே சொல்லிவிட்டுத்தான் வந்தாராம். என்னிடம் ஏன் முதலில் சொல்லவில்லை என்றால், நான் எவ்வளவு கத்துவேன் என்று பார்த்தாராம்.

ராஜினாமா செல்லாது, வேலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், வீட்டில் கை வைக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. அப்பீல் போகிறார்கள் என்று பேச்சு. போகட்டும். அந்த மேஸ்திரிக்கு ஒரு தண்டனையும் இல்லை. அது எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்தான். பக்கத்து வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்து, வாசலில் பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே தங்க வருகிறவர்கள் என் துணிக்கொடியைப் படம் எடுக்கிறார்கள். எடுத்துக்கொள்ளட்டும். நான் துணியை அங்கேதான் காயப்போடுவேன்.

வேலைக்குத் திரும்பிய காலையில் மற்றப் பெண்களோடு போய் நின்றேன். அதே மேஸ்திரிதான் பேர் கூப்பிட்டான். எல்லாப் பேரையும் கூப்பிட்டு முடித்து நோட்டை மூடினான். என் பேர் வரவில்லை. நான் நகரவில்லை. கொழுந்துச் சாக்கைத் தோளில் போட்டிருந்தவர்களும் நகரவில்லை.

“என்ன நிக்கறீங்க? பத்தாம் நம்பர் காட்டுக்குப் போங்க” என்றான்.

வரிசையில் பின்னால் இருந்து ஒருத்தி, “ஏனுங்க மேஸ்திரி, ஒரு பேர முழுங்கிப்போட்டீங்களே. தண்ணி வேணுமா?” என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மழை பிடிக்க ஆரம்பித்தது. அவன் நோட்டைத் திறந்தான். தரையைப் பார்த்துக்கொண்டு என் பேரைச் சொன்னான்.

“கேக்கலைங்க” என்றேன்.

இன்னொரு முறை, உரக்கச் சொன்னான். “இருக்கேன்” என்று சொல்லிவிட்டுச் சாக்கை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கினேன்.